குறை கேட்கும் நடுவர்



நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் என்னோடு பல்லாண்டு உழைத்த ஆசிரியர் ஒருவர், ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருக்கும்போது மாரடைப்பால் காலமானார். அவருடைய மனைவியாருக்கு முறைப்படி வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. ஒரு மாதம் கழிந்தது. இரண்டு மாதம் கழிந்தது. பதினான்கு மாதங்கள் கழிந்தன. அந்த அம்மையார் மாதந்தோறும் பேருந்து ஏறி அலுவலகம் சென்று வருவார். ‘மேலே அனுப்பியிருக்கிறோம்’ என்பார்கள் ஒருமுறை. ‘இன்னும் வரவில்லை’ என்பார்கள் மறுமுறை. ‘அந்தப் பிரிவு எழுத்தர் விடுப்பில் இருக்கிறார்’ என்பார்கள் பிறிதொரு முறை. ஒருநாள் மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்ன சொற்கள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன. ‘சார், பணம் நாளைக்கே வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும்’ என்றார்.

இறுதியில் காரணம் தெரிந்தது. பணிப்பதிவேட்டில் அவருடைய பெயர் ஓரெழுத்து மாறி எழுதப்பட்டிருந்தது. அதனால் அவருடைய விண்ணப்பம் ஒரு மேசையிலேயே தங்கிவிட்டது. புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர் கோப்பைப் பிரித்துப் பார்த்து, ‘இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சான்று வாங்கி வாருங்கள் அம்மா’ என்றார். சான்று கொடுத்த மூன்றாம் வாரம் ஆணை வந்துவிட்டது. இடையில் கழிந்த பதினான்கு திங்களும் அக்குடும்பம் கடன் வாங்கி உண்டது. மூத்த பெண்ணின் கல்லூரிப் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது.

இந்நிகழ்ச்சியைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். இங்கே இலஞ்சம் கேட்டவர் எவரும் இலர். பொய்க் கையெழுத்து இல்லை. பொருட் களவு இல்லை. ஆதலின் காவல் நிலையத்துக்குச் செல்ல வழியில்லை. நீதிமன்றம் செல்லலாம் என்றால், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருள் இருப்பவர் ஓய்வூதியத்துக்காக ஏன் காத்திருக்கிறார்? குற்றவாளி என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லாத இடத்தில் ஒரு குடும்பம் துன்புற்றது. நாகரிக நாடுகள் அனைத்திலும், அரசாங்கம் வளர வளர, இத்தகைய துன்பமும் வளர்ந்தே வந்திருக்கிறது. இதற்கென்றே ஒரு தனிப் பதவியைக் கண்டுபிடித்த நாடு ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள சுவீடன். அப்பதவியின் பெயர் ஓம்புட்ஸ்மன். பிறர் பொருட்டு நின்று பேசும் உரிமை பெற்றவர் என்பது அச்சொல்லின் பொருள். இன்று உலகின் பல நாடுகளில் வழங்கும் இச்சொல்லின் வரலாற்றையும், அப்பதவி நடைபெறும் முறையையும் பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

குறை கேட்பது என்றவுடன் தமிழராகிய நமக்கு மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி நினைவுக்கு வருவது இயல்பே. அரண்மனை வாயிலில் மணி தொங்கிற்று. கன்றை இழந்த பசு வந்து அதனை அசைத்தது. மன்னன் தன் மகனென்றும் பாராது முறை செய்தான். இக்கதையைக் கேட்டு வளராத தமிழ்க் குழந்தை இல்லை. நானும் வகுப்பறையில் பலமுறை இதனைக் கூறியிருக்கிறேன். ஒரு முறை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, ‘சார், அந்த ராஜா நல்லவர், சரி. கெட்ட ராஜாவாக இருந்தால் மணியைக் கழற்றியிருப்பாரே?’ என்று கேட்டான். அன்று நான் அவனுக்குச் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. அரசியல் அறிஞர் பலர் ஆராய்ந்த வினாவும் அதுவே. மணியை யார் தொங்கவிடுவது? அதனைக் கழற்றும் உரிமை யாருக்கு? சுவீடன் நாட்டின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறாகும்.

அந்நாட்டு மன்னன் பன்னிரண்டாம் சார்லஸ் இரஷியாவின்மீது படையெடுத்துச் சென்று, 1709-இல் பொல்டாவா என்னுமிடத்தில் பெருந்தோல்வி அடைந்தான். துருக்கிய சுல்தானின் ஆட்சிப் பகுதியில் அடைக்கலம் புகுந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டான். அரசன் இல்லாத நாட்டில் அதிகாரிகள் தம் விருப்பம்போல் நடக்கத் தொடங்கினர். அவர்கள் சட்டப்படி நடக்கின்றனரா என்று பார்ப்பதற்காக 1713-இல் மன்னன் துருக்கியில் இருந்தவாறே ஒரு மேற்பார்வையாளர் பதவியை உண்டாக்கி ஆணை பிறப்பித்தான். அப்பதவியே 1719-இல் நீதிச் சான்சலர் என்று பெயர் மாறி, இன்றளவும் அந்நாட்டில் இருந்து வருகிறது. இது மன்னன் தொங்கவிட்ட மணி. அதிகாரிகளை அவர் கண்காணிப்பார். ஆனால் அவர் மன்னனின் ஆள். அவரை நியமிப்பவனும் மன்னன், நீக்குபவனும் மன்னன். 1766-இல் அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்கள் மன்றத்தின் கைக்கு வந்தது. ஆறே ஆண்டுகளில், 1772-இல், மன்னன் அவ்வுரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். என் மாணவன் ஐயுற்றது அங்கே மெய்யாகவே நிகழ்ந்தது.

பின்னர் 1809 வந்தது. இரஷியாவோடு நிகழ்ந்த போரில் சுவீடன் பின்லாந்தை இழந்தது. நான்காம் குஸ்தாவ் அடால்ஃப் மன்னன் அரியணையிலிருந்து இறக்கப்பட்டான். அவ்வாண்டு ஜூன் 6-ஆம் நாள் ஒரு புதிய அரசியலமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதனை எழுதியவர்கள் முன்னை அனுபவத்தை மறக்கவில்லை. மன்னனின் நீதிச் சான்சலர் இருக்கட்டும். அவருடன், மன்றத்தாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு மன்றத்துக்கே கணக்குக் கூறும் மற்றொருவரும் இருக்கவேண்டும் என்று விதித்தனர். அவரே நீதி ஓம்புட்ஸ்மன். 1810-இல் லார்ஸ் அகஸ்டின் மன்னர்ஹெய்ம் என்பவர் முதல் ஓம்புட்ஸ்மனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆளும் அரசாங்கம் கழற்ற முடியாத மணி அன்று தொங்கவிடப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இனி, அது எவ்வாறு நடைபெறுகிறது என்று காண்போம்.

இன்று சுவீடனில் நான்கு பாராளுமன்ற ஓம்புட்ஸ்மன்கள் உள்ளனர். ஒவ்வொருவரும் பாராளுமன்றத்தால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பெரும்பாலும் நீதிபதிகளாக இருந்து முதிர்ந்தவர்களே இப்பதவிக்கு வருகின்றனர். தேர்ந்தெடுத்தது பாராளுமன்றமேயாயினும், ஒரு குறிப்பிட்ட முறையீட்டை எவ்வாறு முடிவு செய்யவேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளையிடப் பாராளுமன்றத்துக்கும் உரிமை இல்லை. நீதிமன்றங்கள், காவல்துறை, சிறைச்சாலைகள், மருத்துவமனைகள், பள்ளிகள், ஊராட்சி அலுவலகங்கள் ஆகிய அனைத்தும் அவர்களின் பார்வைக்கு உட்பட்டவை. நீதிபதி வழங்கிய தீர்ப்பு சரியா தவறா என்று ஓம்புட்ஸ்மன் கூறமாட்டார். அது மேல்முறையீட்டு மன்றத்தின் வேலை. ஆனால் ஒரு வழக்கு காரணமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால், அந்த நீதிபதியையும் ‘ஏன்?’ என்று கேட்கலாம்.

முறையிடுவதற்கு என்ன தகுதி வேண்டும்? ஒரு தகுதியும் வேண்டியதில்லை. முறையிடுபவர் அந்நாட்டுக் குடிமகனாக இருக்கவேண்டும் என்பதில்லை. அயல்நாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவரும் எழுதலாம். வயது வரம்பில்லை. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. பெயரையும் முகவரியையும் குறித்து, நடந்ததை ஒரு கடிதத்தில் எழுதினால் போதும். சிறையில் இருப்பவரும் எழுதலாம். ஓம்புட்ஸ்மனுக்குக் கைதி எழுதும் கடிதத்தைச் சிறை அலுவலர் பிரித்துப் படித்தல் ஆகாது என்பது விதி. யாரிடமிருந்து குறை நேர்ந்ததோ, அவர் கைவழியாகவே முறையீடு செல்லவேண்டும் என்றிருந்தால் பயன் என்ன? இதனை உணர்ந்தே அவ்விதியைச் செய்தனர். கடிதம் வருமென்று காத்திராமல், செய்தித்தாளில் கண்ட செய்தியைக் கொண்டோ, தாமே நேரில் சென்று பார்வையிட்டோ, அவர் விசாரணையைத் தொடங்கவும் செய்யலாம்.

கடிதம் கிடைத்ததும், அதில் பொருள் இருப்பதாகத் தோன்றினால், ஓம்புட்ஸ்மன் அந்த அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுவார். அலுவலகம் விடை தந்தே ஆகவேண்டும், அது சட்டம். இரகசியம் என்று முத்திரையிட்ட ஆவணத்தையும் அவர் கேட்டால் காட்டவேண்டும். விளக்கத்தைப் படித்தபின் அவர் தம் முடிவைக் காரணங்களுடன் எழுதி வெளியிடுவார். அலுவலர் நடந்தது முறையே என்றும் கூறலாம். தவறு என்று கண்டிக்கவும் செய்யலாம். சட்டத்திலேயே குறை இருப்பதாகக் கண்டால், அதனைத் திருத்தவேண்டும் என்று பாராளுமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் எழுதலாம். ஆண்டுதோறும் அவர் அளிக்கும் அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்படுகிறது.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. ஓம்புட்ஸ்மனின் கண்டனம் வெறும் கருத்துரையே. ஓர் அலுவலகத்தின் ஆணையை மாற்றி எழுத அவரால் முடியாது. ஓய்வூதியம் கொடு என்று கட்டளையிட முடியாது. அபராதம் விதித்து அலுவலரைத் தண்டிக்கும் நீதிபதியும் அவர் அல்லர். அப்படியிருந்தும் அந்நாட்டு அலுவலர்கள் அவர் சொல்லைப் பெரிதும் மதித்து நடக்கின்றனர். இவ்வதிசயத்துக்குக் காரணங்கள் மூன்று என்று நான் கருதுகிறேன்.

முதலாவது, உறையில் இருக்கும் வாள். கடமையில் கடுமையாகத் தவறிய அலுவலர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் உரிமை ஓம்புட்ஸ்மனுக்கு உண்டு. அதனை அவர் மிக அரிதாகவே பயன்படுத்துகிறார். ஆயினும் அது இருப்பதை அனைவரும் அறிவர்.

இரண்டாவது, திறந்த கோப்பு. சுவீடனில் 1766-ஆம் ஆண்டிலேயே அச்சுரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதற்காக முன்னின்று வாதாடியவர்களுள் ஒருவர் ஆண்டர்ஸ் சிடேனியஸ் என்னும் பாதிரியார். அன்று சுவீடனோடு சேர்ந்திருந்த பின்லாந்துப் பகுதியைச் சேர்ந்தவர். நூல்களை அச்சிடும் உரிமையோடு, அரசாங்க ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கும் உரிமையையும் அச்சட்டம் தந்தது. எனவே ஓம்புட்ஸ்மன் எழுதிய கண்டனம் ஒரு பெட்டியில் பூட்டப்படுவதில்லை. யாரும் படிக்கலாம், செய்தித்தாள்கள் வெளியிடலாம். ஊரறியக் காரணம் கூறவேண்டிய நிலையில் இருப்பவர் காரணமின்றிச் செயலாற்றத் தயங்குவார்.

மூன்றாவது, நடுநிலை. ஓம்புட்ஸ்மனுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10,000 முறையீடுகள் வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஆழ்ந்த விசாரணைக்கு இடமின்றியே முடிந்துவிடுகின்றன. கண்டனத்தில் முடிபவை சிறு பங்கே. இதைக் கேட்டுச் சிலர் ‘அப்படியானால் பயன் என்ன?’ என்று கேட்கலாம். அலுவலர்மேல் பழி சுமத்துவதே தம் வேலை என்று அவர் கருதுவதில்லை. பழியற்றவரைப் பழியற்றவர் என்று எழுதும் கை எழுதுவதனாலேயே அக்கையின் கண்டனத்துக்கு எடை உண்டாகிறது. மேலும், தோற்ற முறையீட்டாளருக்கும் ஒரு முடிவு எழுத்தில் வந்து சேர்கிறது. தம் சொல் எவர் செவியிலும் விழவில்லை என்ற ஏக்கத்துடன் அவர் வாழவேண்டியதில்லை.

எல்லைகளையும் மறைக்காமல் கூறவேண்டும். சுவீடன் ஓம்புட்ஸ்மன் அமைச்சர்களையோ பாராளுமன்ற உறுப்பினர்களையோ விசாரிப்பதில்லை. அமைச்சர்களைக் கேள்வி கேட்கப் பாராளுமன்றத்தின் அரசியலமைப்புக் குழு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்திகளைப் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. தனியார் நிறுவனங்கள் அவர் எல்லைக்குள் வருவதில்லை.

இக்கடைசி எல்லை முக்கியமானது. ஒரு பெண்ணுக்கு, அவள் பெண் என்பதனாலேயே, ஒரு தொழிற்சாலை முதலாளி குறைந்த ஊதியம் தருகிறார் என்று கொள்வோம். அவர் அரசாங்க அலுவலர் அல்லர். எனவே பாராளுமன்ற ஓம்புட்ஸ்மன் தலையிட முடியாது. இக்குறையை நீக்கச் சுவீடன் மேலும் சில பதவிகளைப் படைத்தது. 1980-இல் ஆண் பெண் சமத்துவத்துக்கு ஓர் ஓம்புட்ஸ்மன், 1986-இல் இனவேற்றுமையை எதிர்க்க ஒருவர், 1994-இல் உடற்குறையுடையோர்க்காக ஒருவர், 1999-இல் பாலின நாட்டம் காரணமாக ஒதுக்கப்படுவோர்க்காக ஒருவர் எனத் தனித்தனியே ஏற்பட்டனர். 2009-இல் இந்நான்கு அலுவலகங்களும் ஒன்றாக்கப்பட்டு, பாகுபாட்டுக்கு எதிரான ஓம்புட்ஸ்மன் என்னும் ஒரே பதவி உண்டாயிற்று. பால், பாலின அடையாளம், இனம், சமயம் அல்லது கொள்கை, உடற்குறை, பாலின நாட்டம், வயது என்னும் ஏழு காரணங்களால் ஒருவரை வேறுபடுத்தி நடத்துதல் ஆகாது என்பது சட்டம். பாதிக்கப்பட்டவரின் சார்பில் இவ்வலுவலகமே நீதிமன்றத்தில் வழக்காடி இழப்பீடு பெற்றுத் தர முடியும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாராளுமன்ற ஓம்புட்ஸ்மனைத் தேர்ந்தெடுப்பது பாராளுமன்றம். சமத்துவ ஓம்புட்ஸ்மனை நியமிப்பது அரசாங்கம்.

பழைய நீதிச் சான்சலரும் மறைந்துவிடவில்லை. அவர் இன்று அரசாங்கத்தின் சட்ட ஆலோசகராகவும், அதிகாரிகளைக் கண்காணிப்பவராகவும் விளங்குகிறார். அரசின் தவற்றால் பொருள் இழந்த ஒருவர் நீதிமன்றம் செல்லாமலே அவரிடம் இழப்பீடு கேட்டு எழுதலாம். இவ்வாறு நீதிக்கு ஒருவர், சமத்துவத்துக்கு ஒருவர், குடிமக்களின் முறையீட்டுக்கு நால்வர் என அந்நாட்டில் வாயில்தோறும் ஒரு மணி தொங்குகிறது.

நூறாண்டுக்கு மேலாகச் சுவீடனில் மட்டுமே இருந்த இப்பதவி, பின்பு எல்லை கடந்தது. விடுதலை பெற்ற பின்லாந்து 1919-ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் இதனை ஏற்றது. டென்மார்க்கில் 1955-இல் ஸ்டீஃபன் ஹர்விட்ஸ் என்னும் சட்டப் பேராசிரியர் முதல் ஓம்புட்ஸ்மனானார். அங்கே நீதிமன்றங்களை அவர் எல்லைக்கு வெளியே வைத்தனர். பிற நாடுகள் பலவும் இந்த டென்மார்க்கு முறையையே பின்பற்றின. 1962-இல் நியூஸிலாந்து இதனை ஏற்றபோது முதல் ஓம்புட்ஸ்மனாக வந்தவர் சர் கை பவுல்ஸ். அதற்கு முன் அவர் நம் தில்லியில் நியூஸிலாந்தின் ஹைகமிஷனராக இருந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பிரிட்டன் 1967-இல் இத்தகைய பதவியை ஏற்படுத்தியது. ஆனால் அங்கே முறையீடு பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகவே செல்லவேண்டும் என்று வைத்தனர். மணிக்கு முன் ஒரு வாயிற்காவலரை நிறுத்தியது போலாயிற்று. ஐரோப்பிய ஒன்றியமும் 1995-இல் தனக்கென ஓர் ஓம்புட்ஸ்மனைப் பெற்றது. அப்பதவியை முதலில் வகித்த யாக்கோப் சோடர்மன் பின்லாந்தின் ஓம்புட்ஸ்மனாக இருந்தவர்.

இந்தியாவுக்கும் இக்கருத்து வந்தது. 1963-இல் எல். எம். சிங்வி என்னும் மக்களவை உறுப்பினர் இப்பதவிக்கு லோக்பால் என்று பெயர் சூட்டினார். மக்களைக் காப்பவர் என்பது அதன் பொருள். 1966-இல் மொரார்ஜி தேசாயின் தலைமையில் அமைந்த நிர்வாகச் சீர்திருத்தக் குழு, குடிமக்களின் குறைகளைத் தீர்ப்பது குறித்தே தனி அறிக்கை ஒன்று அளித்து, மத்தியில் லோக்பாலும் மாநிலங்களில் லோகாயுக்தாவும் வேண்டும் என்றது. 1968-இல் மசோதா வந்தது; மக்களவை கலைக்கப்பட்டபோது அது காலாவதியாயிற்று. அதன் பின்னும் பல மசோதாக்கள் வந்தன, போயின. 1971-இல் மகாராஷ்டிரம் தன் லோகாயுக்தா சட்டத்தை இயற்றியது. மத்தியில் சட்டம் நிறைவேறியது 2013-இல். முதல் லோக்பால் பதவியேற்றது 2019-இல். குழுவின் அறிக்கைக்கும் பதவியேற்புக்கும் இடையே 53 ஆண்டுகள் கழிந்தன. தமிழ்நாடு 2018-இல் தன் லோகாயுக்தா சட்டத்தை இயற்றியது.

இந்நெடும் பயணத்தில் ஒரு பொருள் வழியில் தவறிப்போயிற்று என்று சொல்லவேண்டும். 1966-ஆம் ஆண்டின் அறிக்கை பேசியது குடிமக்களின் குறைகளைப் பற்றி. 1971-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டத்திலும் குறை, குற்றச்சாட்டு என இரண்டும் இடம்பெற்றன. ஆனால் 2013-ஆம் ஆண்டின் லோக்பால் சட்டம் ஊழலைப் பற்றியது. ஊழலை ஒழித்தல் பெரும்பணியே. அதனை யாரும் மறுக்கமாட்டார். எனினும், இலஞ்சம் வாங்காமல், ஆனால் வேலையும் செய்யாமல், விடையும் கூறாமல் இருக்கும் மேசையின் முன் நின்ற அந்த அம்மையாருக்கு அச்சட்டத்தில் இடமில்லை. 1993-இல் ஏற்பட்ட தேசிய மனித உரிமை ஆணையமும், 1997-இல் ஏற்பட்ட நம் மாநில ஆணையமும் மனித உரிமை மீறல்களை விசாரித்துப் பரிந்துரை செய்கின்றன. வங்கிகளின்மேல் வரும் முறையீடுகளுக்கு 1995-இல் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்களை ஏற்படுத்தியது. இவை அனைத்தும் நன்மையே. ஆயினும், எளிய அலுவலகத் தாமதத்துக்கு ஒரு கடிதத்தில் முறையிட்டு, காரணத்துடன் விடை பெறும் சுவீடன் முறை அவ்வளவு தெளிவாக நம்மிடம் அமையவில்லை.

அதற்கு மிக நெருங்கி வருவது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும் என்று விதித்த அச்சட்டத்தில் பலர் கவனியாத மற்றொரு விதியும் உண்டு. ஓர் அலுவலகம் எடுத்த நிர்வாக முடிவின் காரணங்களை, அதனால் பாதிக்கப்பட்டவருக்கு அவ்வலுவலகமே தெரிவிக்கவேண்டும் என்பது நான்காம் பிரிவு. அதாவது, ‘ஏன்?’ என்ற வினாவுக்கு விடை பெறுவது இந்நாட்டில் சட்டம் தந்த உரிமை. அதிகாரி மனமிரங்கித் தரும் சலுகை அன்று.

இப்போது நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். என் நண்பரின் மனைவியார் திண்ணையில் அமர்ந்து வருந்திய நாளில் இச்சட்டம் நடைமுறையில் இருந்தது. எனக்கும் அது தெரியும். ‘ஒரு மனு எழுதிப் போடலாமா அம்மா?’ என்று நான் கேட்டதும் உண்டு. ‘வேண்டாம் சார், கோபித்துக்கொண்டு கோப்பை அடியில் போட்டுவிடுவார்கள்’ என்றார் அவர். நானும், ‘அதுவும் சரிதான், சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டேன். பொறுத்ததன் விலை ஒரு பெண்ணின் ஓராண்டுப் படிப்பு. அலுவலகத்தின்மேல் பாதிப் பழியை வைத்தால், மறுபாதியை நான் சுமக்கத்தான் வேண்டும். மணி தொங்கியது, அதனை அசைக்க நாங்கள் அஞ்சினோம்.

அவ்வச்சம் எங்கிருந்து வந்தது என்று ஓய்வு பெற்றபின் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வகுப்பறையில் ஒரு சிறுவன் எழுந்து ‘ஏன் சார்?’ என்று கேட்கும்போது, ‘சொன்னதைச் செய், உட்கார்’ என்று எத்தனை முறை அடக்கியிருப்போம்! பதினைந்து வயதுவரை அவ்வாறு அடக்கப்பட்ட பிள்ளை, நாற்பது வயதில் அலுவலக மேசையின் முன் நின்று எவ்வாறு வாய் திறக்கும்? மேசைக்கு இப்பால் அமர்ந்து விடை கூறாதிருப்பவரும் நம் வகுப்பில் படித்தவர்தாமே? கேட்கக் கூடாது என்று இருவரும் ஒரே பாடத்தைக் கற்றனர். ஒருவர் நின்று அதனை ஒப்பிக்கிறார், மற்றொருவர் அமர்ந்து ஒப்பிக்கிறார்.

சுவீடன் நாட்டார் தம் ஓம்புட்ஸ்மனை ஒருநாளில் பெறவில்லை. தோல்வியுற்ற மன்னனின் ஆணையில் தொடங்கி, இழந்த உரிமையை மீண்டும் பெற்று, கோப்புகளைத் திறந்துவைத்து, குறைகளைக் கண்டு புதிய பதவிகளைச் சேர்த்து, படிப்படியாகப் பெற்றனர். அங்கேயும் கடிதம் எழுதுபவர் ஒருவர் இருந்தால்தான் அப்பதவி முழுமையாகப் பயன்படும். நமக்கும் அத்தகைய நடுவர் தேவை என்று பாராளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வற்புறுத்துவது அறிஞர் கடமை. அதுவரை, கையில் இருக்கும் சட்டத்தைக் கொண்டு பணிவாக, ஆனால் அஞ்சாமல், எழுத்தில் ‘ஏன்?’ என்று கேட்பது நம் ஒவ்வொருவரின் கடமை. உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, பேருந்து ஏறி அலுவலகத்துக்கு வீணே சென்று வருவதைக் கண்டால், ‘பொறுங்கள் பாட்டி’ என்று என்னைப்போல் சொல்லிவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து அவருக்காக அக்கடிதத்தை எழுதிக் கொடுங்கள்.